கிண்ணத்தில் ஊற்றினால் சூப்

கொதிக்கிற சூப்பை மிக்ஸியில் ஊற்றி, மூடியைக் கையால் அழுத்திப் பிடித்தால் போதும், அடங்கிவிடும் என்று நம்பிய முட்டாளைப் பார்க்க வேண்டுமா? இந்தப் பத்திக்கு மேலே உள்ள போட்டோவைப் பாருங்கள். எங்கள் அடுப்படிக் கூரையில் இப்போதும் ஆதாரம் இருக்கிறது... துடைக்க எனக்குக் கை எட்டவில்லை.

நடந்தது இதுதான். என் மனைவி கோமதிக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். ஒரு பக்கக் கன்னம் பணியாரமாக உப்பிவிட்டது. மெல்லக் கூடாது, காரம் ஆகாது, வீக்கம் வடிகிற வரைக்கும் அதிகம் பேசவும் வேண்டாம் என்றார் டாக்டர். அந்தக் கடைசி வரியைக் கேட்டு என் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததாம். கோமதி கவனித்துவிட்டாள். வாயைத்தானே மூடச் சொன்னார்கள், கண்ணை இல்லையே?

அன்றிலிருந்து என் சமையல். காலையில் கஞ்சி, ராத்திரியும் கஞ்சி. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கஞ்சிக்கு உயிரே தொட்டுக்கொள்கிற நார்த்தங்காய் ஊறுகாய்தான். அதையும் டாக்டர் தடுத்துவிட்டார். வெறும் கஞ்சியை எத்தனை வேளை குடிப்பாள்? ஞாயிற்றுக்கிழமை காலை டம்ளரை நீட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் என் போனில் ஒரு சத்தம் — படுக்கையறையிலிருந்து அடுப்படிக்கு மெசேஜ்.

"இன்னொரு வேளை கஞ்சி வந்துச்சுன்னா நான் சிவகிரிக்குப் போயிருதேன்."

சிவகிரி அவள் அம்மா வீடு. போனால் என்ன என்கிறீர்களா? அப்புறம் என் சமையலை நான்தானே சாப்பிட வேண்டும்! அது கிடக்கட்டும்... வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது. சாப்பாடு இல்லாவிட்டால் மாத்திரை இல்லை. மாத்திரை இல்லாவிட்டால் வலி. தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் படுத்திருந்ததைப் பார்க்க எனக்கே என்னவோ போல இருந்தது.

மெல்லாமல் விழுங்க உலகத்தில் வேறு என்னதான் உண்டு? போனில் தேடினேன். ஒரு வெள்ளைக்கார அம்மாள் சிரித்தபடியே உருளைக்கிழங்கு லீக் சூப் வைத்துக்கொண்டிருந்தார். வெண்ணெய், உருளைக்கிழங்கு, லீக், பால், மேலே கொஞ்சம் க்ரீம். காரம் கிடையாது. முக்கியமாக, அதன் பெயர் கஞ்சி கிடையாது! 'மதியம் சூப். ஃபாரின் ஐட்டம்' என்று பதில் மெசேஜ் தட்டிவிட்டுப் பையோடு கிளம்பினேன்.

சங்கரன்கோவில் மார்க்கெட்டில் லீக் என்கிற அந்த வெளிநாட்டுக் காய்க்கு எங்கே போவது? வழக்கமான காய்கறிக் கடைக்காரரிடம் போனில் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களிடமும் காட்டினார்.

"வெங்காயத்தாளுதான் அண்ணாச்சி. பறிக்காம விட்டுட்டாவ, முத்திப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்லி, இளசாக ஒரு கட்டை எடுத்துப் பையில் போட்டார்.

வெங்காயத்தாளை வெண்ணெயில் வதக்கி, உருளைக்கிழங்கை வேகவைத்து... அதுவரைக்கும் நன்றாகத்தான் போனது. வாசனைக்குக் கோமதி ஒரு தடவை எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம்தான் மிக்ஸி. முதல் ஈடு கூரைக்குப் போன கதையைத்தான் மேலே சொன்னேனே! மிச்சத்தை ஆறவைத்து ஓட்டினேன்.

லேசாக அரைத்தால் போதும் என்றுதான் அந்த அம்மாள் சொன்னார். நமக்கு லேசாக அரைத்துப் பழக்கம் உண்டா? இட்லி மாவு ஆட்ட ஆட்டத்தானே நைஸாகும்? அந்தக் கணக்கில் ஓட்டு ஓட்டென்று ஓட்டினேன். திறந்து பார்த்தால் சூப்பைக் காணோம்... பளபளவென்று ஒரு பசை! கரண்டியைத் தூக்கினால் ஜாரும் கூடவே வருகிறது. உருளைக்கிழங்கு இட்லி மாவு இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி கோமதியை விசாரிக்க வந்தார். விசைத்தறி வைத்திருக்கிறவர். ஜாரைப் பார்த்து நின்றார். விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார்.

"என்ன வே, பாவுக்குக் கஞ்சி காய்ச்சுதீரா? நல்லாத்தான் இருக்கு. நூல் அறவே அறாது."

தறியில் ஏற்றும் நூலுக்கு விறைப்பாகப் போடுவார்களே, அந்தக் கஞ்சியாம் என் சூப். அதையும் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே கட்டில் முனகியது. அடுத்து பீரோ திறக்கிற சத்தம்... பையை எடுக்கிறாளோ?

பாலை ஊற்றினேன். வெந்நீரை ஊற்றினேன். வடிகட்டினேன். க்ரீமுக்குப் பதில் பாலாடையை அடித்து மிதக்கவிட்டேன். மிளகுத்தூளுக்குப் போன கை, டாக்டரை நினைத்துத் திரும்பி வந்தது. டம்ளரில் ஊற்றினால் சந்தேகம் வரும் என்று, விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கிற பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, மேலே பொடியாக வெங்காயத்தாள் தூவி, வெதுவெதுப்பாகக் கொண்டுபோய் வைத்தேன்.

ஒரு ஸ்பூன் எடுத்தாள். கண்ணை மூடி விழுங்கினாள். இன்னொரு ஸ்பூன். கிண்ணம் காலி! என் பக்கம் நீட்டினாள். மறுபடி ஊற்றினேன். அதுவும் பாதி இறங்கியதும், மாத்திரையைத் தானே எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எனக்கு மூச்சு வந்தது.

யோசித்துப் பாருங்கள். கல்யாண வீட்டில் ரசத்தையே சின்னக் கப்பில் ஊற்றி சூப் என்று கொடுத்தால், வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிறோமா இல்லையா? பாதி ருசி நாக்கில் இருக்கிறது. மீதி, பாத்திரத்திலும் பெயரிலும்தான். இந்தத் தத்துவத்தை நானே கண்டுபிடித்த பூரிப்பில் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "சூப் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

பல் பிடுங்கிய நாளிலிருந்து பேசத் திறக்காத வாயைத் திறந்து கோமதி கேட்டாள்:

"நார்த்தங்கா எங்க?"