மிளகாய்க் கல் முன்னால் சிரித்தவள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். நங்கையா படித்துவிடுவார்களே என்ற பயம் முன்பு இருந்தது. இப்போது அவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் பக்கம் கணவரின் அக்காவை நங்கையா என்போம். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்தில் தப்பிருக்கலாம், விஷயத்தில் தப்பில்லை. எங்கள் அம்மன், ஆத்தா சாட்சி.

ஒரு சினிமாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் நானும் வீட்டுக்காரரும் மளிகை வாங்கச் செவ்வாய்ப்பேட்டை போயிருந்தோம். நல்ல மழை. பருப்பு நனைந்துவிடும் என்று பையோடு ஒரு தியேட்டருக்குள் ஒதுங்கினோம். என்ன படம் என்றுகூடப் பார்க்கவில்லை.

அதில் கதாநாயகன் ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறவன். அவன் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் சத்தத்தில் கதாநாயகியின் சினை மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. எந்தப் பாவி ரேடியோ கட்டினானோ, அவன் நாசமாகட்டும் என்று அவள் அம்மன் கோயிலில் மிளகாய் அரைக்க உட்காருகிறாள். அங்கே மைக் சரி பார்த்துக்கொண்டிருந்தவன், பாவம் தனியாக அரைக்கிறாளே என்று எதிரே உட்கார்ந்து குழவியைத் தள்ளிக் கொடுக்கிறான். தனக்குத்தான் அரைக்கிறோம் என்று தெரியாமல் மாங்கு மாங்கென்று அரைக்கிறான். காரம் ஏறி இரண்டு பேரும் தும்முகிறார்கள். மைக்கை அணைக்கவில்லை. ஊர் முழுக்கக் குழாயில் தும்மல் கேட்கிறது.

வீட்டுக்காரர் சிரிக்கிற ஆள் இல்லை. மஞ்சள் விலை ஏறினாலும் அதே முகம், இறங்கினாலும் அதே முகம். அன்றைக்கு அந்த மனுஷர் பருப்புப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்கப்புறம் எங்கே யார் தும்மினாலும், "மைக்க அணைங்க" என்பேன். காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாலும் அவருக்கு ஓரமாக ஒரு சிரிப்பு வந்துவிடும். எங்களுக்குள் கொஞ்சல் என்றால் அவ்வளவுதான். அதனால் அந்தப் படம் எனக்குச் சாமி படத்துக்கு அடுத்தபடி.

எங்கள் ஊர் ஆத்தா கோயிலிலும் மிளகாய்க் கல் உண்டு. அநியாயம் செய்தவரை மனதில் நினைத்து வரமிளகாயை அரைத்துச் சாமி கல்லில் பூசினால் ஆத்தா கேட்பாள். அரைக்கும்போது பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை நான் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆடு களவு கொடுத்த ஒரு அம்மா அரைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு தும்மல். எனக்குக் குழாய் ஞாபகம் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. அரைத்தது நான் இல்லை, சிரித்தது மட்டும்தான் நான். நங்கையா தூணோரம் நின்று பார்த்துவிட்டார்கள்.

"ஏனம்மிணி, அடுத்தவ வயிறெரிஞ்சு அரைக்கறா, உனக்கு இளிப்பு வருதா? ஆத்தா முன்னால பல்லக் காட்டறவ ஒரு பொம்பளயா?"

"இல்லைங்க நங்கையா, ஒரு படத்துல..."

"கோயில்ல வந்து படமாம்!"

அந்த ஆடு கிடைக்கவில்லை. நான் சிரித்ததால்தான் என்று நங்கையா ஊர் பூராவும் சொன்னார்கள். அதோடு விட்டிருந்தால் மறந்திருப்பேன். ஆத்தா கோயில் பண்டிகைக்கு வீட்டுக்கு ஒரு பெண் தீர்த்தக் குடம் எடுப்பது எங்கள் வழக்கம். மாமியாருக்கு முழங்கால் முடியாமல் போனபோது குடம் மருமகளான எனக்கு வர வேண்டும். நங்கையா நடுவில் புகுந்தார்கள். "சிரிச்சவ எடுத்தா ஆத்தா ஏத்துக்க மாட்டா. பொறந்த ஊட்டுக் கொடத்த நானே எடுக்கறன்" என்றார்கள். மாமியார் பேசவில்லை. வீட்டுக்காரரும் பேசவில்லை.

நான் தேய்த்து வைத்த குடத்தை நங்கையா எடுத்துக்கொண்டு முன்னால் போவார்கள். நான் பின்னால் வேப்பிலையோடு போவேன். வருஷா வருஷம் இதே கதை. வயிறு எரிந்தது. நங்கையாவுக்கே அரைத்துவிடுவது என்று ஒருநாள் மிளகாயோடு போனேன். கல் முன்னால் உட்கார்ந்து குழவியை இரண்டு இழுப்பு இழுத்தேன். மூக்கு அரித்தது. எதிரே அந்த ரேடியோ செட்டுக்காரன் வந்து உட்கார்ந்துகொண்டான். சிரித்துவிட்டேன். இன்னொரு வெள்ளிக்கிழமையும் போனேன், அதேதான். பழி வாங்க எனக்கிருந்தது ஒரே கல். அதையும் அந்தப் படம் கெடுத்துவிட்டது. "ஆத்தா, இதுக்கு நீயே வழி காட்டு" என்று அழுதுவிட்டு வந்தேன்.

வழி காட்டினாள். போன பண்டிகைக்குக் குடம் எடுக்கிறவர்களுக்குக் காப்புக் கட்டியாயிற்று. எங்கள் வீட்டுக் குடம் என்பதால் நங்கையா எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார்கள். மத்தியானம் பூக்கட்டப் பெண்கள் கூடினார்கள், பூசாரி வீட்டம்மாவும் வந்திருந்தார். ஒரு சின்னப் பெண் என்னவோ சொல்லிச் சிரித்தாள். நங்கையா மணிக்கட்டைத் தூக்கிக் காட்டி, "காப்புக் கட்டுன ஊட்ல என்ன இளிப்பு? கட்டுனவ பல்லு வெளிய தெரியப்படாது, தெரிஞ்சா கொடத்தத் தொடப்படாது" என்றார்கள்.

நான் எழுந்து மகளிடம் போனேன். "கண்ணு, உங்கப்பனுக்குப் புடிச்ச படம் போன்ல வருதுன்னியே, அத டிவில போட்டு உடு" என்றேன்.

பூக்கட்டிக்கொண்டே எல்லோரும் பார்த்தார்கள். மாடு ஓடியபோது நங்கையா உதட்டைக் கடித்தார்கள். அவன் குழவியைப் பிடித்தபோது, "அட கூறுகெட்டவனே, உனக்குத்தான்டா அரைக்கறா!" என்று கத்தினார்கள். தும்மல் குழாயில் கேட்டதும் சிரித்தார்கள் பாருங்கள், மடியிலிருந்த மல்லிகையெல்லாம் கொட்டிப்போயிற்று. தொடையைத் தட்டி, கண்ணில் தண்ணீர் வர, பின்பல் வரை தெரியச் சிரித்தார்கள். எனக்கு உயிரான அந்த இடத்தை அன்றைக்கு நான் பார்க்கவே இல்லை. நங்கையா வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு அடங்கட்டும் என்று பொறுத்திருந்து, "ஏனுங்க நங்கையா, கையில காப்பு இருக்குதுங்களே" என்றேன்.

நங்கையா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"டிவியப் பாத்துச் சிரிச்சா ஆத்தாளுக்கென்ன?" என்றார்கள்.

"அன்னிக்குக் கோயில்ல எனக்குச் சிரிப்பு வந்ததும் இதே எடத்துக்குத்தானுங்க."

பூசாரி வீட்டம்மா பூவைக் கீழே வைத்தார். "சிரிச்சது குத்தம்னா காப்போட சிரிச்ச நீங்க கொடத்தத் தொடப்படாது. குத்தமில்லீன்னா இத்தன வருசமா அது மருமக கொடம். எப்படிப் பாத்தாலும் அம்மிணிதான் எடுக்கோணும்" என்றார். திண்ணமாகச் சொல்லிவிட்டு மறுபடி பூவை எடுத்துக் கட்டினார். மாமியார் கட்டிலில் கிடந்தபடி, "ஆமா" என்றார். அந்த ஒரு ஆமாவை முன்னமே சொல்லியிருக்கலாம்.

சாயங்காலமே எனக்கும் காப்புக் கட்டினார்கள். குடம் எடுத்த அன்று நல்ல வெயில், தார் ரோடு. நங்கையா வெறுங்காலோடு, கையில் வேப்பிலையோடு எனக்குப் பின்னால் வந்தார்கள். நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். என் காலும் சுட்டது. பரவாயில்லை. ஆத்தா முன்னால் குடத்தை இறக்கும்போது மேளத்துப் பக்கமிருந்து யாரோ தும்மினார்கள். திரும்பிப் பார்த்தேன், வீட்டுக்காரர்! என்னைப் பார்த்து மைக்கை அணைக்கிற மாதிரி விரலைத் திருகினார். எனக்கு உதடு துடித்தது. ஆனாலும் பல்லைக் காட்டவில்லை.

நங்கையாவை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். இந்தப் பண்டிகைக்கும் நான் மெதுவாகத்தான் நடப்பேன்.

நங்கையா இப்போது சொந்தக்காரர்களிடம், "எனக்கு முடியலீன்னு நானே அவளுக்கு உட்டுக் குடுத்தன்" என்று சொல்லி வருகிறார்களாம். அதனால் இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நான் சிரித்ததையும் சொல்லுங்கள், அவர்கள் பின்பல் தெரியச் சிரித்ததையும் சொல்லுங்கள். மல்லிகை கொட்டியதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.