எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் வில்சன் சார் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திவந்தார். அங்கே பாடம் சொல்லிக்கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனவள் வஞ்சுளவல்லி. தொண்ணூற்றெட்டாம் வருஷக் கோடையில் வகுப்புக்கு ஆள் குறைந்தது. கைக்கு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த வினை அவளைப் பிடித்தது.

சென்டரில் ஒரு கிரிக்கெட் விளையாட்டு இருந்தது. யாரோ எங்கிருந்தோ காப்பி எடுத்து வந்தது. அதில் ஆடுகிறவர்கள் எல்லாம் வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்க்காரர்கள். வஞ்சுளவல்லி அதன் கோப்பைத் திறந்து நோண்டிப் பார்த்தாள். பெயர்கள் அகப்பட்டன. ஒரு வாரத்தில் தேவதானம் அணியும் செட்டியார்பட்டி அணியும் திரையில் மோதின. மைதானத்து விளம்பரப் பலகையில் கூட ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று வரவைத்துவிட்டாள்.

செய்தி பரவியது. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த பையன்கள் எல்லாம், தங்கள் பெயரும் அதில் வர வேண்டும் என்று பிளாப்பியோடு மாடியேறினார்கள். ஆளாளுக்குத் திருத்திக்கொடுக்க முடியாமல், பெயரை அவரவரே மாற்றிக்கொள்கிற மாதிரி சின்னதாய் ஒரு புரோகிராம் எழுதினாள். கூடவே, தமிழில் குண்டு குண்டாகக் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்த ஒரு தாள். பழைய கோப்பை முதலில் தனியாகக் காப்பி எடுத்துவைக்கவும். பெயர் ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் ஒன்பதாவது எழுத்து அடுத்த ஆட்டக்காரனின் இடத்தில் ஏறி உட்கார்ந்து விளையாட்டையே கெடுத்துவிடும்.

இதைவிடத் தெளிவாக யாராலும் எழுத முடியாது என்றுதான் அவள் நினைத்தாள்.

முதலில் வந்தவன் கண்ணபிரான். கிருஷ்ணன்கோவிலில் என்ஜினியரிங் படிக்கிறவன்.

"மிஸ், உங்க பிளாப்பில வைரஸ் இருக்கு. எம் மெஷினே தொங்கிப்போச்சு."

"பேரு என்ன போட்ட?"

"கேப்டன் எஸ். கண்ணபிரான்."

"தாள்ல எட்டு எழுத்துன்னு போட்டிருந்தேனே?"

"எந்தத் தாளு மிஸ்?"

"பழைய கோப்பக் காப்பி எடுத்தியா?"

"எந்தக் கோப்பு மிஸ்?"

அவள் புது பிளாப்பியும் புதுத் தாளும் கொடுத்து அனுப்பினாள். அடுத்தவன் ஊர்ப் பெயரோடு சேர்த்துத் தன் பெயரைப் போட்டிருந்தான். இன்னொருவன் இறந்துபோன தாத்தா பெயரைப் பட்டத்தோடு போட்டு, தாத்தா படத்தின் முகத்தில் முழிக்க முடியாதபடி செய்துவிட்டாள் என்று அவளிடமே சண்டைக்கு நின்றான். வஞ்சுளவல்லி எழுத்தைப் பெரிதாக்கினாள். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு ஒவ்வொரு தாளாகக் கையில் திணித்தாள். கடைசியில் வெறுத்துப்போய், தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: இதுவரை படித்தவர் நேரில் வந்து சொன்னால் ஒரு பொட்டலம் பால்கோவா தரப்படும். வஞ்சுளவல்லி, மாடி.

ஊரிலிருந்து பொட்டலத்தை வாங்கிவந்து மேஜை மேலேயும் வைத்தாள். யாரும் கேட்கவில்லை. கெட்டுப்போகும் என்று வில்சன் சாரே எடுத்துச் சாப்பிட்டார். அடுத்த வாரம் இன்னொன்று வாங்கிவைத்தாள். அதையும் அவரே சாப்பிட்டார்.

"ஏம்மா வஞ்சுளா, இந்தத் தாளு நல்ல காரியம்மா. நிறுத்திராத," என்றார் வாயைத் துடைத்துக்கொண்டே.

பையன்கள் பிளாப்பியைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு தாளை மாடிப்படியிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். படிக்குக் கீழே வடைக்கடை போட்டிருந்த பெத்தம்மாள், பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று அவற்றைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டாள்.

ஒருநாள் மத்தியானம், தலையில் பஞ்சு ஒட்டியிருக்க, மில்லில் ஷிப்ட் முடித்த ஒருவர் படியேறி வந்தார்.

"இங்கன வஞ்சுளவல்லின்னு ஒருத்தவிய இருக்காவளா?"

"நாந்தான். சொல்லுங்க."

"நான் சமுத்திரம். பால்கோவா தாரேன்னு போட்டிருந்தீய. அதான் வந்தேன்."

நாலாக மடிந்த தாளை நீட்டினார். நடுவில் எண்ணெய் வட்டமாகப் படர்ந்திருந்தது.

"பிளாப்பி எங்க வச்சிருக்கீய?"

"அப்படின்னா? இது வடை மடிச்சுத் தந்த காயிதம்லா. வடை தீந்தும் எழுத்துத் தீரல, முழுசாப் படிச்சேன்."

"என்ன போட்டிருக்கு, சொல்லுங்க பாப்போம்."

"மொதல்ல பழசக் காப்பி எடுக்கணும். பொறவு பேரு எட்டு எழுத்துக்குள்ள நிக்கணும். தாண்டுனா பக்கத்து ஆளுக்குக் கேடு. நல்ல புத்திதான் சொல்லியிருக்கீய."

வஞ்சுளவல்லிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவ்வளவு எழுதியதற்கும் ஒரே ஒரு ஆள். அவரும் கம்ப்யூட்டரை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறார். பொட்டலத்தை எடுக்கத் திரும்பினாள். காலி. வில்சன் சார் அவசரமாக வெளியே ஏதோ வேலையிருப்பதாகச் சொல்லி நழுவினார்.

"நாளைக்கு வாங்க அண்ணாச்சி, கட்டாயம் தாரேன். வேற ஏதும் வேணுமா?"

சமுத்திரம் திரையை எட்டிப் பார்த்துத் தயங்கினார். "எம் பேரும் இதுல வருமா? முழுப்பேரு எட்டுக்கு அடங்காதோ என்னவோ. சமுத்துன்னு போடுங்க, வீட்ல அப்படித்தான் கூப்பிடுவாவ."

செட்டியார்பட்டி அணிக்கு முதல் ஆளாகச் சமுத்து இறங்கினார். சமுத்திரம் ஒரு ஓவர் நின்று பார்த்தார். "வெள்ளச் சட்ட போட்டிருக்கது நானா? சட்டையில ஒரு அழுக்கக் காணோமே," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் வந்து பால்கோவாவை மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

அந்த வாரமே வஞ்சுளவல்லி புரோகிராமைத் திருத்தினாள். ஒன்பதாவது எழுத்தை அடித்தால் கம்ப்யூட்டர் கீச்சென்று கத்தும்; எழுத்து ஏறாது. இனி யாரும் தாளைப் படிக்கவே வேண்டாம் என்று அவளுக்குப் பெரிய நிம்மதி. மிச்சத் தாள்களைக் கட்டாகப் பெத்தம்மாளிடமே கொடுத்துவிட்டாள். பிறகு கீழே வடை தின்று மேலே வந்தவர்கள், பால்கோவா கேட்டதோடு வகுப்பு எப்போது என்றும் விசாரித்தார்கள். இரண்டு பேர் சேர்ந்துகூட விட்டார்கள். விளையாட்டு வாங்கியவர்களில் ஒருவரும் அப்படி வரவில்லை.

திருத்திய பிளாப்பியை வாங்கிப்போன கண்ணபிரான்தான் திரும்ப வந்தான்.

"மிஸ், நீங்க குடுத்த புது பிளாப்பி கத்துது."

"எட்டு எழுத்தோட நிறுத்தினா கத்தாது."

"அதான் கத்துதேன்னு உங்க புரோகிராம விட்டுட்டு, கோப்ப நேராத் தொறந்து நானே முழுப்பேரையும் ஏத்திட்டேன்," என்றான் பெருமையாக.

"பொறவு?"

"தொங்கிப்போச்சு மிஸ்."

வஞ்சுளவல்லி பணம் வாங்காமல் இன்னொரு பிளாப்பியை எடுத்துக் கொடுத்து, கீழே போய் ஒரு வடை சாப்பிட்டுவிட்டுப் போகும்படி சொன்னாள்.

"எனக்குப் பசிக்கல மிஸ்," என்றான் அவன்.