பதின்மூன்றாவது குழாய்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மறுபடி' என்பார்கள். ஒரு தடவை பார்த்து எதையும் நம்புகிற ஆள் இல்லை அவள். முடிவு கைக்கு வந்ததும், "எதுக்கும் மறுபடி போட்டுப் பார்த்துடலாம்" என்பாள். பதினெட்டு வருஷமாக இதே பாட்டு. வீட்டிலும் அப்படித்தான். கேஸை மூடிவிட்டுப் படியிறங்கி, திரும்ப ஏறிவந்து பார்ப்பாள். தங்கையிடம் போனில் ஒன்று சொன்னால், பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டு அதையே மறுபடி சொல்வாள்.

அப்பேர்ப்பட்டவள் அன்றைக்கு ஒரே ஒரு சோதனையை ஒரே ஒரு தடவை செய்தாள். அதுவும் சொந்தத் தங்கைக்கு.

தங்கைக்கு மூன்றாம் மாதம். ஏழு வருஷம் காத்திருந்து தங்கிய கரு. நாலு தெரு தள்ளி அவள் கணவனின் அண்ணன் வீடு. அங்கே நாலு வயதுப் பெண் குழந்தைக்கு ருபெல்லா. குழந்தைக்கு அது மூன்று நாள் சிவப்புத் தடிப்பு, அவ்வளவுதான். வயிற்றில் இருக்கும் கருவுக்கோ கண், காது, இதயம் எதை வேண்டுமானாலும் கெடுத்துவிடும். வாந்தியும் மயக்கமுமாகத் தங்கை பதினைந்து நாளாக வாசல் தாண்டவில்லை, அது ஒரு நல்ல காலம். ஆனால் குழந்தை "சித்தி வேணும்" என்று ஒரே அழுகை. அதன் அம்மாவுக்கு லீவு இல்லை.

"எனக்கு எதிர்ப்பு சக்தி இருக்கான்னு பார்த்துச் சொல்லுக்கா. இருந்தா போறேன்" என்று தங்கை கையை நீட்டினாள். சின்ன வயதில் ஊசி போட்டார்களா என்று இருவருக்கும் ஞாபகமில்லை. அக்காவே ரத்தம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அங்கே செய்வது பழைய முறை. தட்டின் குழிகளில், ரத்தத்திலிருந்து பிரித்த மஞ்சள் ரத்தநீர், வைரஸ், கடைசியில் சிவப்பணுக்கள். வைரஸைத் தடுக்க ஆளில்லை என்றால் அது சிவப்பணுக்களை ஒட்டவைத்துக் குழி முழுக்கப் பரப்பிவிடும். ரத்தநீரில் எதிர்ப்பொருள் இருந்தால் வைரஸின் கை கட்டப்பட்டுவிடும். சிவப்பணுக்கள் அடியில் பொட்டாக உட்காரும். பொட்டு விழுந்தால் பாதுகாப்பு.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கொலஸ்ட்ரால் என்று எல்லாரும் கரித்துக்கொட்டுகிறோமே, அதைச் சுமந்துகொண்டு ரத்தத்தில் மிதக்கும் துகள்களும் வைரஸைப் பிடித்துக்கொள்ளும். அவையும் பொட்டு விழவைக்கும். உடம்புக்குள்ளும் அவை கொஞ்சம் காவல் பார்க்கின்றன என்று கூடத்துப் பெரிய டாக்டர் சொல்வார். பார்க்கட்டும், நல்லதுதான். அதற்காக அந்தக் காவலை நம்பிப் பிள்ளைத்தாச்சியை நோய் வீட்டுக்கு அனுப்ப முடியுமா? அதனால்தான் ரத்தநீரில் முதலில் ஒரு கரைசலை விட்டுச் சுழற்றுவார்கள். துகள்கள் வெள்ளை வண்டலாகக் குழாயின் அடியில் படியும். மேலே நிற்கும் தெளிவு மட்டும் தட்டுக்குப் போகும்.

பகல் ஒரு மணிக்குத் தட்டைப் பார்த்தாள். தங்கையின் வரிசையில் அழகழகாகப் பொட்டு. மனசு குளிர்ந்துபோய் உடனே போன் செய்தாள்.

"உனக்கு எல்லாம் இருக்குடி. பயப்படாம போ."

அதோடு வேலை முடிந்தது என்று பஸ் ஏறினாள். மூன்றாவது நிறுத்தத்தில் தூக்கிவாரிப்போட்டது. குழாய்களை நிறுத்தும் தாங்கியில் பன்னிரண்டு துளைகள்தான். பன்னிரண்டு குழாய்க்கும் வரிசையாகக் கரைசல் விட்டது ஞாபகம் இருந்தது. தங்கையின் குழாயை, சொந்தக்காரியுடையது என்று தனியாக ஒரு குவளையில் அல்லவா நிறுத்தியிருந்தாள். அதற்கு விட்டாளா?

தங்கைக்குப் போன் போட்டாள். பிஸி. பஸ்ஸிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி, எதிர்த்திசைப் பஸ்ஸில் நின்றுகொண்டே மறுபடி போட்டாள். பிஸி. கூடத்துக்குள் ஓடிக் குளிர்பெட்டியைத் திறந்து, குவளையிலிருந்த குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அடிவரைக்கும் ஒரே மஞ்சள். வண்டல் ஒரு துளி கிடையாது. கர்ப்பத்தில் கொழுப்பு வேறு ஏறியிருக்கும். அந்தப் பொட்டெல்லாம் எதனுடைய பொட்டு என்று யார் கண்டது?

"பாவி, ஒரு தடவைதானே பார்த்தேன்" என்றாள்.

பக்கத்து மேசைக்காரி குழாயை வாங்கிக்கொண்டாள். "நான் கரைசல் விட்டுப் போடறேன். நீங்க போங்க. போனைப் பார்த்துட்டு நிக்காதீங்க."

வழி முழுக்கப் பிஸி. இருக்கையில் இருப்புக்கொள்ளாமல் எழுந்து நின்றாள்; நின்றும் முடியாமல் உட்கார்ந்தாள். இந்நேரம் குழந்தையை மடியில் வைத்திருப்பாள், முகத்தோடு முகம் ஒட்டிக் கொஞ்சியிருப்பாள். நான் போகச் சொல்லித்தானே போயிருப்பாள். ஏழு வருஷத்தை ஒரு போனில் அழித்துவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தங்கை வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. காலில் செருப்பு, தோளில் பை, காதில் போனோடு தங்கை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். யானைக்குச் சளி பிடித்த கதை ஒன்று போனுக்குள் போய்க்கொண்டிருந்தது. அக்காவைப் பார்த்ததும், "இருடா கண்ணு, சித்தி அப்புறம் பேசறேன்" என்று வைத்தாள்.

"போகலையாடி நீ?"

"ரெண்டு மணியிலேருந்து கிளம்பி உட்கார்ந்திருக்கேன். அந்தக் குட்டி போனை விடவே மாட்டேங்குது."

"நான்தான் போகலாம்னு சொன்னேனே."

"ஒரு தடவைதானே சொன்ன?" என்றாள் தங்கை. "எதையும் நீ ரெண்டு தடவை சொல்லாம விட்டதில்லையே. அதான், எதுக்கும் மறுபடி சொல்லட்டும்னு இருந்தேன்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து, தங்கையின் செருப்பைத் தானே கழற்றினாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. நடந்ததை அரைகுறையாகச் சொல்லி முடித்தாள்.

ஆறு மணிக்குப் பக்கத்து மேசைக்காரி கூப்பிட்டாள்.

"ஒரு குழியில கூடப் பொட்டு இல்லக்கா. எல்லாம் பரவிடுச்சு. மறுபடி போடவா?"

தங்கை ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு அக்காவையே பார்த்தாள்.

"போடு" என்றாள் அக்கா.