வேட்டி அகலத்து வெயில்

போன ஞாயிற்றுக்கிழமை, சிங்கவரத்திலிருந்து தங்கை வசந்தாவின் போன்.

“அண்ணா, சோலார் மோட்டார் தண்ணி எடுக்கல. மல்லாட்டைக்கு விழுது எறங்கற நேரம். இன்னிக்குப் பாய்ச்சலன்னா அவ்ளோதான்!”

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை; விழுது ஈர மண்ணுக்குள் இறங்கினால்தான் காய் பிடிக்கும். செஞ்சியிலிருந்து பைக்கில் பறந்தேன். மோட்டாரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அண்ணன் என்றால் போய்த்தானே ஆக வேண்டும்!

மாப்பிள்ளை ஏழுமலை, பழைய ஆயில் இன்ஜினைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்துப் போட்டிருந்தார்.

“இத நம்பினதே தப்பு மச்சான். வெயிலு கொளுத்துது... தண்ணி சொட்டுதான் வருது. நான் போயி டீசல் வாங்கியாறேன்.”

“இருங்க மாப்ள” என்று சோலார் தகடுகளைப் பார்க்கப் போனேன். தகடுகளின் மேலேயே ஒரு மூலையில் வெள்ளை வேட்டி விரித்து, நாலு முனையும் கட்டி, வரிசை வரிசையாக... வடகம்!

“இன்னா வசந்தா இது?”

“கீழ போட்டா கோழி கிளறுதுண்ணா. இங்க சூடு நல்லா இருக்குது. ஓரமாத்தான போட்டேன்...”

ஓரம் மறைந்தாலும் மொத்தமும் படுத்துவிடும் என்று மாட்டியவர்கள் சொல்லிவிட்டுத்தான் போனார்களாம். ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டார்.

வேட்டியை அவிழ்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு குழாய் ஒரு முறை இருமியது... தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது!

சத்தமில்லை, புகையில்லை. வேட்டி அகலத்து வெயில் திரும்பியதும் மொத்தத் தகடும் எழுந்து இவ்வளவு தண்ணீர் இறைக்கிறதென்றால் — அந்த வெயிலுக்குள் எவ்வளவு பலம் இருக்க வேண்டும்! இத்தனை வருடமும் அதைத் தலையில் வாங்கிக்கொண்டு ‘சனியன் பிடித்த வெயில்’ என்று திட்டிக்கொண்டல்லவா இருந்தேன்?

திரும்பிப் பார்த்தால் இன்ஜின் நின்ற கொட்டகைச் சுவர் கன்னங்கரேலென்று இருந்தது. சுவரில் ஒட்டிய கரி கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத கார்பன் டை ஆக்சைடு? அது எங்கும் போய்விடவில்லை. ஊர் உலகத்திலுள்ள எல்லா இன்ஜினும் விட்டதோடு சேர்ந்து, மேலே கம்பளி மாதிரி போர்த்திக்கொண்டு, பூமியைப் புழுங்க வைக்கிறது. ஒரு கொட்டகையில் புகை நின்றால் அந்தக் கம்பளி விலகிவிடாது, தெரியும். ஆனால் இன்று இந்தக் கொட்டகையிலிருந்து அதற்கு ஒரு நூல்கூடப் போகவில்லை. அதை நினைக்கையில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வசந்தா வடகத்தை அணைத்தபடி நின்றாள். “இன்னும் ஈரமா இருக்குதே, இத எங்க போடறது?”

வெயிலில் கிடந்த ஆயில் இன்ஜினை ஏழுமலை கை காட்டினார்.

“அது மேல பலகையப் போட்டுக் காய வையி. இனிமே அதுக்கு வேற இன்னா வேலை?”