மறந்துபோன குழாய்

தொழுகையில் குனியும்போதெல்லாம் இடப்பக்க விலாவுக்குள் யாரோ விரல் நுனியால் தொடுவதுபோல் இருக்கும். வலி என்று சொல்ல முடியாது. வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பித் துணிக்கடை வைத்ததிலிருந்து அந்தத் தொல்லை. உடம்புச் சூடு என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி வாழைத்தண்டுச் சாறு பிழிந்து கொடுத்தாள். தொடுவது நிற்கவில்லை.

ஆறாவது வருடம் ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. பயந்துபோய் எக்ஸ்ரே எடுக்கச் சென்றேன். படம் எடுத்தவர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

"நான் என்னத்தங்க வைக்கப்போறேன்?"

திரையை என் பக்கம் திருப்பினார். முதுகெலும்பை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு. அதன் மேல்முனை சிறுநீரகத்துக்குள் கொக்கிபோலச் சுருண்டிருந்தது, கீழ்முனை மூத்திரப்பைக்குள். இரண்டு முனையிலும் முட்டைபோல வெண்கட்டி. இது என் படம்தானா என்று கேட்டேன். ஓரத்தில் இருந்த என் பெயரைக் காட்டினார்.

அப்போதுதான் நினைவு வந்தது. வளைகுடாவில் கடைசி மாதம் கல் அடைத்து, லேசரால் உடைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு காகிதம் தந்தார்கள். நான் அதைப் படிக்கவில்லை. வலி போயிற்று, விமானம் ஏறிவிட்டேன். இப்போது வீட்டில் அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்து நானும் மனைவியும் படித்தோம். சிறுநீர் தடையில்லாமல் இறங்க உள்ளே ஒரு மெல்லிய குழாய் வைத்திருப்பதாகவும், சில வாரங்களில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டுமென்றும் அதில் இருந்தது. ஆறு வருடமாக அதோடுதான் உண்டு, உறங்கி, கடை திறந்திருக்கிறேன்.

தஞ்சாவூர் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "குழாய் மேலயே கல்லு வளந்துருச்சு. இழுத்தா வராது. மூணு வழி இருக்கு. வெளியிலேர்ந்து அதிர்வலை குடுத்து உடைக்கலாம், கத்தியே வேணாம். ஆனா பெரிய கல்லு அதுக்கு மசியாது. மூத்திரப் பாதை வழியா கேமரா விட்டு லேசர்ல பொடியாக்கலாம், தழும்பு இருக்காது. ரொம்பப் பெருசுன்னா முதுகுல சின்னத் துளை போட்டு நேரா உள்ள போயிடணும். கொஞ்சம் ரத்தம் போகும், ரெண்டு மூணு நாள் படுத்திருக்கணும்."

"இதுல எது நல்லதுங்க?" என்றாள் மனைவி.

"அது கல்லப் பொறுத்துதாம்மா. இவருக்கு மூணுமே வேண்டியிருக்கும்."

முதலில் அதிர்வலை. தண்ணீர்ப் பை ஒன்று விலாவில் அழுந்த, டக், டக் என்று ஒரு மணி நேரம் தட்டியது. மூடிய கதவை வெளியே ஒருவர் தட்ட, உள்ளே இருப்பது பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் தோன்றியது. கொஞ்சம் மணல்தான் இறங்கியது.

அடுத்தது லேசர். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தார்கள். கால்கள் நேராக நீட்டியிருப்பதாகவே எனக்கு உணர்வு. தலையைத் தூக்கினால், பச்சைத் துணிக்கு அப்பால் இரண்டு கால்கள் மடங்கி அந்தரத்தில் நின்றன.

"யாரோட காலு அது?"

நர்ஸ் சிரித்தாள். "உங்களதுதாங்க."

திரையில் இளஞ்சிவப்பாக ஒரு குகை. அதற்குள் குழாயின் முனை, கடலில் கிடந்த கயிற்றில் சிப்பி அப்பியதுபோல. நான் மூச்சு விட, அதுவும் அசைந்தது. மூச்சைப் பிடித்தேன், நின்றது. அதன்பின் திரையைப் பார்க்கவில்லை. கீழ்முனைக் கல் பொடியானது.

மேல்முனைக்கு முதுகுத் துளை. முழு மயக்கத்தில் குப்புறக் கிடத்தியிருக்கிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. முழித்தபோது மனைவி பக்கத்தில் இருந்தாள், முகம் வெளிறி.

"அந்தக் குழாய மூணு துண்டா எடுத்தாங்களாம், தட்டுல வச்சுக் காமிச்சாங்க. உசுரோட இருந்த மாதிரி இருந்துச்சுங்க. நான் கண்ண மூடிக்கிட்டேன்."

மாலையில் டாக்டர் வந்தார். "எல்லாம் சுத்தமாயிடுச்சு. வீக்கம் அடங்கற வரைக்கும் புதுசா ஒரு குழாய் வச்சிருக்கேன். ரெண்டு வாரத்துல வந்துடுங்க."

மனைவி மருந்துச் சீட்டின் பின்புறம் அந்தத் தேதியைப் பெரிதாக எழுதிக்கொண்டாள்.

அந்த இரண்டு வாரமும் காலையில் காப்பி கொடுக்கும்போது அவள் கேட்பாள்: "இருக்கா?" "இருக்கு" என்பேன். சொன்ன நாளில் டாக்டர் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டோம். எடுக்கச் சில நிமிடம்தான் ஆனது, எரிச்சல் மட்டும். பார்க்க வேண்டும் என்றேன். நர்ஸ் கட்டுத்துணியில் வைத்து என் உள்ளங்கையில் கொடுத்தாள். நீலமாக, மெல்லியதாக, ஒரு கறைகூட இல்லாமல் இருந்தது. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.