வேட்டியில் விளைந்த கோதுமை

ஈரத் துணியில் ஏறிய மஞ்சள் கிழங்கின் வாசனை, அதன்மேல் பிழிந்த எலுமிச்சையின் சுள்ளென்ற வாசனை, பால்கனி வழியே சுத்திகரிப்பு ஆலையிலிருந்து மிதந்து வரும் எண்ணெய் நெடி, இவை மூன்றையும் கலந்தால் என்ன வாசனை வரும் என்று யாராவது கேட்டால், உக்ரைன் வாசனை வரும் என்று யோசிக்காமல் சொல்வேன். அந்த நாட்டு மண்ணை நான் மிதித்ததில்லை. ஆனால் அதன் கோதுமை வயல் ஒன்று வளைகுடாவின் எண்ணெய் ஊரான ருவைஸில் எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் விளைந்தது, அதுவும் என் அப்பாவின் எட்டு முழ வேட்டியில்.

சோவியத் ஒன்றியம் உடைந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. எதிர் ஃப்ளாட்டில் ஒக்சானா ஆன்ட்டி இருந்தார். கணவர் ஆலையில் பாய்லர் இன்ஜினியர், ஆன்ட்டி ஓவியர். வாசலில் செருப்பு கிடக்கும் இடத்தில்கூட பிரஷ் கிடக்கும். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் "ரஷ்யா ஆன்ட்டி". கிளப்பில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நடக்கும் "இன்டர்நேஷனல் நைட்"டில் நாட்டுக்கொரு மேஜை போட்டுச் சாப்பாடும் அலங்காரமும் வைப்பார்கள். முதல் வருஷம் அவரை ரஷ்யா என்று எழுதிய மேஜைக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டார்கள். மாலை முழுவதும் சிரித்தபடி நின்றவர், வீட்டுக்கு வந்ததும் என் அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறார். "நம்மளக் கொண்டுபோய் வேற வீட்டுக் கல்யாணத்துல பந்தி பரிமாற விட்ட மாதிரி இருந்திருக்கும்" என்று அம்மா அதற்கு அர்த்தம் சொன்னாள்.

அடுத்த வருஷம் தன் நாட்டுக்குத் தனி மேஜை கேட்டார். ஹைதராபாத்காரரான கிளப் செக்ரட்டரி நல்ல மனிதர்தான், ஆனால் சட்டம் பேசுவார். கிளப்பில் உள்ள கொடிப் பெட்டியில் அந்த நாட்டுக் கொடி இல்லை. கொடி இல்லாவிட்டால் சுவரில் மாட்டப் பெரிதாக ஏதாவது வேண்டும். "டிஸ்ப்ளே மாஃபி, டேபிள் மாஃபி, கலாஸ்", அதாவது அது இல்லையென்றால் இதுவும் இல்லை, அவ்வளவுதான் என்று, வளைகுடாவின் எல்லா மொழியையும் ஒரே வாக்கியத்தில் போட்டு முடித்தார்.

ஆன்ட்டிக்கு அது போதும். டிஸ்ப்ளேதானே, வரைந்துவிட்டால் போயிற்று. ஆனால் ஊரிலிருந்து கொண்டு வந்த வண்ணக் குழாய்களெல்லாம் பற்பசையின் கடைசி நாள் போலச் சுருண்டு கிடந்தன. அங்காடியில் கிடைத்ததோ எங்களைப் போன்ற குழந்தைகள் சூரியனும் தென்னை மரமும் போடும் வில்லைப் பெட்டி. எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "கமாலா, யெல்லோ மாஃபி. ப்ளூ மாஃபி. ஆல் ஃபினிஷ்" என்று கையை விரித்தார்.

கமலா என்கிற என் அம்மா, திருச்சி தில்லைநகரிலிருந்து அரபுப் பாலைவனத்துக்குக் குடித்தனம் வந்தவள். விமானத்தில் வந்த பெட்டியில் பாதி மஞ்சள் கிழங்கு. "மஞ்சள் இல்லாத வீடா இது?" என்றாள். நீலத்துக்கு, அப்பாவின் பனியன்களை வெளுக்க வைத்திருந்த "சொட்டு நீலம்". திரைக்கு, பொங்கலுக்கென்று எடுத்து மடிப்புக் கலையாமல் வைத்திருந்த வேட்டி. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஒரு நாட்டுக்காகக் குடுக்கிறோம், பேசாம இருங்க" என்று அம்மா சொன்னதும், சொந்த நாட்டுக்குக்கூட எதையும் கொடுத்திராத அப்பா அடங்கிப்போனார்.

எங்கள் கூடத்துத் தரையில் வேட்டி விரிந்தது. கிழங்கை இழைத்துக் கொதிக்கவிட்டு, படிகாரம் ஒரு சிட்டிகை போட்டு அம்மா வடிகட்டித் தர, கீழ்ப்பாதியில் கோதுமை எழுந்தது, ஒவ்வொரு தாளாக, ஒவ்வொரு கதிராக, எங்கோ ஒரு காற்று அவற்றைச் சாய்த்துக்கொண்டிருப்பது போல. மேல்பாதியில் பனியன் நீலம் வானமாய்ப் பரந்தது. அந்த நாட்டுக் கொடியும் அதேதான், மேலே நீலம், கீழே மஞ்சள் என்று ஆன்ட்டி சொன்னபோது, கொடியைப் பார்த்து வயலை வரைகிறாரா, வயலைப் பார்த்துத்தான் கொடியைத் தைத்தார்களா என்று எனக்குத் தலை சுற்றியது.

வயலின் நடுவே ஒரு மேஜை, அதன்மேல் ஒரு தட்டு. தட்டுக்கு மட்டும் அவர் வண்ணமே தொடவில்லை. அது அப்பாவின் வேட்டியாகவே வெள்ளையாக இருந்தது.

"தட்டு ஏன் காலியா கெடக்கு? ரெண்டு இட்லியாவது வையேன்" என்றாள் அம்மா.

ஆன்ட்டி பிரஷை வைத்துவிட்டுச் சொன்னார். தெரிந்த ஆங்கிலத்தில் பாதி, கையசைவில் பாதி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அவருடைய அம்மா சிறுமியாக இருந்தபோது, வயல் இப்படித்தான் இருந்ததாம். சோவியத் அரசாங்கத்து ஆட்கள் வந்து விதை தானியம்வரை வாரிக்கொண்டு போக, விளைந்த ஊரிலேயே ஊர் ஊராகப் பசியில் செத்தார்களாம். பின்னால் வந்த நாட்களில் அதைப் பற்றிப் பேசவே கூடாது. ஓவியக் கல்லூரியில் இவர்களுக்குக் கொடுத்த பாடமோ டிராக்டர், கொடி, சிரிக்கும் உழவர்கள். "யெல்லோ, ஆல்வேஸ் ஷார்ட். ரெட், ஆல்வேஸ் ஃபுல்!" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அம்மா இட்லிப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள், படம் எங்கள் பால்கனித் துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருக்கும்போது மணற்காற்று அடித்தது. டூட்டி முடிந்து வந்த அப்பா பார்த்தார், கோதுமையெல்லாம் புழுதி. தன் வேட்டியென்ற பாசமோ, ஒரு நாட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற திடீர் ஆசையோ, ஒரு வாளியில் சோப்புத் தூளைக் கரைத்து, துணியை நனைத்து, பக்குவமாகத் துடைத்தார்.

துடைத்த இடமெல்லாம் கோதுமை சிவந்தது. குபுகுபுவென்று, தீப்பிடித்தது போல.

அம்மா ஓடிவந்தாள். "லேப்ல உக்காந்து என்னதாங்க டெஸ்ட் பண்றீங்க நீங்க?"

அப்பா அந்த ஆலையின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

"சோப்பு காரம்டி. மஞ்சள்ல காரம் பட்டா செவக்கும். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

நான் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆன்ட்டி வந்து நின்று பார்த்தார். நாளை மேஜை இல்லை, மறுபடி அந்த ரஷ்யா பலகைக்குப் பின்னால்தான் நிற்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகம் கோணியது, பிறகு எங்கிருந்து வந்ததோ, அப்படியே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரெட்! நோ விசா, நோ பாஸ்போர்ட், கமிங், கமாலா, ஹியர் ஆல்ஸோ கமிங்!"

அம்மா அதற்குள் அரிவாள்மணையில் உட்கார்ந்து எலுமிச்சம்பழங்களை நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பைப் போட்டுச் சிவக்க வைக்கிற கைக்கு, அதைத் திருப்பி மஞ்சளாக்கவும் தெரிந்திருந்தது. "புளிப்பு பட்டா போயிடும், யல்லா, எல்லாரும் பஞ்சை எடுங்க!" என்றாள். நாங்கள் நால்வரும் துணியைச் சுற்றி மண்டியிட்டு ஒற்றினோம். சாறு பட்ட இடத்தில் சிவப்பு பின்வாங்க, கதிர் கதிராக வயல் மீண்டும் மஞ்சளுக்குத் திரும்பியதே, அந்த மாதிரி ஒரு விடியலை நான் எந்தக் கடற்கரையிலும் பார்த்ததில்லை. அப்பா ஒவ்வொரு கதிருக்கும் "ஆசிட்... பேஸ்... ஆசிட்..." என்று முணுமுணுத்துப் பாவம் கழுவிக்கொண்டிருந்தார்.

கடைசியாகத் தட்டைச் சுற்றி ஒரு கையகலச் சிவப்பு மிச்சமிருந்தது. அம்மா பஞ்சைக் கொண்டுபோகும்போது ஆன்ட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கலாஸ். திஸ் ஒன், ஸ்டே. திஸ், மை மதர் வில்லேஜ்."

அம்மா பஞ்சைக் கீழே வைத்தாள். "இது நிக்காது ஒக்சானா. வெயில் பட்டா எல்லாம் போயிடும், செவப்பும் போகும், மஞ்சளும் போகும்" என்றாள். பின் எழுந்துபோய், ரவிக்கை தைக்கிற டப்பாவிலிருந்து ஊசியும் சிவப்பு நூலும் எடுத்து வந்து அவர் மடியில் போட்டாள். அந்தச் சிவப்பின் ஓரத்தைச் சுற்றி, தன் ஊர்ச் சட்டைகளின் கழுத்தில் போடுவது போல, ஆன்ட்டி பெருக்கல் குறித் தையலாகப் போட்டு முடித்தார்.

மறுநாள் செக்ரட்டரி படத்தின் முன் நின்றார், சிவப்பைக் காட்டினார், "யே க்யா ஹை, மேடம்?" என்றார். "ஹிஸ்டரி" என்றார் ஆன்ட்டி. செக்ரட்டரி சாக்கட்டியை எடுத்துப் பலகையில் நாட்டின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார். மேஜையில் ஆன்ட்டி அவித்த கொழுக்கட்டை மாதிரிப் பண்டம் ஒரு பக்கம். நறுக்கி மிஞ்சிய பழத்தை வீணாக்க மனமில்லாமல் அம்மா கிளறிய எலுமிச்சை சாதம் இன்னொரு பக்கம். சாதம்தான் முதலில் தீர்ந்தது. அந்த ஊரை விட்டுப் போன எத்தனையோ பேர், கடுகு தாளித்த அந்தச் சாதத்தை உக்ரைனின் தேசிய உணவு என்று இன்றும் நம்பிக்கொண்டிருக்கக் கூடும்.

ஒப்பந்தம் முடிந்து அவர்கள் தங்கள் ஊருக்கே திரும்பிப் போனபோது வேட்டி சுருண்டு அவர்களோடு போனது. இப்போது நான் அபுதாபியில் இருக்கிறேன். போன மாதம் ருவைஸ் போயிருந்தேன். அந்தக் கிளப் கூடம் இல்லை, எங்கள் பால்கனியின் துணிக்கொடி இல்லை, எந்த வீட்டு ஜன்னலிலிருந்தும் தாளிக்கும் சத்தம் வெளியே கேட்கவில்லை, எல்லாம் கண்ணாடி. திரும்பி வந்த வாரத்தில் என் ஃபோனுக்கு ஒரு படம் வந்தது. ஒக்சானா ஆன்ட்டி, தலை முழுக்க வெள்ளை. அங்கே போருக்கு நடுவில் கரண்ட் இருந்த நேரத்தில் எடுத்ததாம். பின்னால் சுவரில் அந்த வேட்டி. வானம் வெளிறிவிட்டது. கோதுமை இருந்த சுவடே இல்லை, பழையபடி அப்பாவின் வேட்டி. காலித் தட்டைச் சுற்றி அந்தச் சிவப்பு நூல் மட்டும், நேற்றுப் போட்டது போல.

கீழே ஒரு வரி: "கமாலா, யெல்லோ மாஃபி."

கூரியர் நேராகப் போகாது, போலந்து வழியாகத்தான், நாளாகும் என்றார்கள். ஆகட்டும் என்று பெட்டி கட்டிக்கொண்டே திருச்சிக்கு ஃபோன் போட்டேன்.

"தூள் அனுப்பாதடி, கலப்படம். கிழங்கா அனுப்பு" என்றாள் அம்மா. "அப்புறம் மேல பெருசா எழுதிடு, சோப்புப் போடாதீங்கன்னு."

பின்னாலிருந்து அப்பாவின் குரல்: "நாலு எலுமிச்சம்பழமும் சேர்த்து வைக்கச் சொல்லு."