நாங்கள் குறை சொன்ன கல்லூரி

புதுச்சேரி டவுனில் எனக்கு ஒரு எலக்ட்ரிகல் கடை இருக்கிறது. ஃபேன், ஒயர், சுவிட்ச், பல்பு. இத்தனை வருட வியாபாரத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். "நல்லா இருக்குங்க" என்று சொல்கிறவர் வாங்க மாட்டார். ஃபேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கலர் மங்கல், சத்தம் போடும்போல என்று மூக்கைச் சுளிக்கிறாரே, அவர்தான் வாங்குவார். மனசுக்குப் பிடித்துவிட்டது, அதனால்தான் குறை தேடுகிறார். படியேறும்போதே ஆளை எடை போட்டுவிடுவேன் என்று எல்லாரிடமும் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் ஊருக்குத்தான் உபதேசம் என்று தெரிய வருஷங்கள் ஆயின.

என் மனைவி இறந்தபோது எங்கள் ஒரே மகள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் மதியம் கடை ஷட்டரை இறக்கினால் சாயங்காலம்தான் திறப்போம். வெளியூர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போடுவதில் அவர்களுக்கு என்ன நஷ்டமோ. ஆனால் மனைவி போன பிறகு அந்த மதியம்தான் எனக்கு எதிரி. மகள் பள்ளிக்கு டிபன் பாக்ஸ் எடுத்துப் போய்விடுவாள். காலையில் வடித்த சோற்றை நானே போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துச் சாப்பிடுவேன்.

அவள் பிளஸ் டூ முடித்ததும் வீட்டில் இரண்டு கல்லூரிகளின் பெயர்கள் அடிபட்டன. ஒன்று சென்னையில், பெரியது, ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். இன்னொன்று எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் சின்னக் கல்லூரி. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோது என் மச்சான் தீர்ப்பே சொல்லிவிட்டார். "சிஸ்டருங்க காலேஜ் எங்க ஓடிடப் போவுது? நம்ம புள்ளைங்களுக்கு எப்ப வேணா சீட்டு குடுப்பாங்க. மெட்ராஸுக்கு அனுப்பு மாமா."

சும்மா கிடைப்பதற்கு மதிப்பில்லை என்பது அவர் கட்சி. உள்ளூர் மாடு விலை போகாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இருந்தாலும் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று ஒரு சனிக்கிழமை காலை இருவரும் போனோம். முதல்வர் சிஸ்டரே கூட வந்து சுற்றிக் காட்டினார். ஒரே ஒரு மாடிக் கட்டிடம். வராண்டாவில் ஃபினாயில் வாசனை. எதிரே வந்த பெண்களை எல்லாம் சிஸ்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒருத்தியிடம் தம்பிக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்தார். நூலகத்தில் ஜன்னலோர பெஞ்சில் என் மகள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள். சிஸ்டர் என்னிடம், "வீடு பக்கத்துலதானே? மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வர்ற பிள்ளைங்களும் இருக்காங்க" என்றார்.

மதியம் என் எதிரே இன்னொரு தட்டு. அவள் பேச, நான் கேட்க. அந்த நிமிஷமே விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டும்போல இருந்தது. உடனே பயமும் வந்தது. ஒரு வாய்ச் சோற்றுக்குத் துணை வேண்டும் என்பதற்காகப் பெண்ணைக் கட்டிப்போடுகிற அப்பனா நான்? அண்ணாந்து பார்த்தேன். "ஃபேனெல்லாம் பழசா இருக்கே சிஸ்டர். கண்டென்சர் போயிருக்கும்" என்றேன். பாவம், அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

திரும்பி வரும் வழியில் மகள்தான் ஆரம்பித்தாள். "லைப்ரரி ரொம்ப சின்னதுப்பா."

"ஆமா. வெளியூர்ல இந்தப் பேரு யாருக்குத் தெரியும்?"

"கேன்டீன்கூட இல்ல. ஸ்கூல் மாதிரியே இருக்கு."

"இன்னும் மூணு வருஷம் ஸ்கூல்லயே இருக்கப் போறியா?"

"ஜன்னல் பக்கம் வெயில் வேற அடிக்குது" என்றாள்.

இப்படியே மாற்றி மாற்றிக் குறை சொல்லிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் அவள் ஒரு நிமிஷம் நின்றாள். "அப்ப வேணாங்கிறியாப்பா?" என்று கேட்டாள். "உனக்கே புடிக்கலியே" என்றேன். அன்று மாலையே சென்னைக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். சின்னக் கல்லூரிக்கு விண்ணப்பமே வாங்கவில்லை.

இடம் கிடைத்து அங்கேயே சேர்ந்தாள். காலாப்பட்டு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்தேன். மதியம் வந்தது, நான் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன். அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை. நன்றாகப் படித்தாள், அங்கேயே வேலையும் கிடைத்தது. பண்டிகைக்கும் நீண்ட விடுமுறைக்கும் வருவாள். யாராவது கேட்டால் சரியான முடிவுதான் எடுத்தோம் என்று சொல்லிக்கொள்வேன்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தவள், சென்னைக்குக் கிளம்பும் நாள் காலையில் கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓர் அம்மா ஃபேன் பார்க்க வந்திருந்தார். இறக்கை சின்னது என்றார், கலர் சுவருக்குப் பொருந்தாது என்றார், அடுத்த கடையில் இதைவிட நல்லது இருக்கிறது என்றார். என் மகளுக்குப் பொறுக்கவில்லை. "புடிக்கலன்னா அடுத்த கடைக்கே போவ வேண்டியதுதான?" என்று என் காதருகே முணுமுணுத்தாள்.

"சும்மா இரு. புடிச்சிருக்கு, அதான் குறை சொல்லுது. இப்ப பாரு, வாங்கிடும்."

அந்த அம்மா அதே ஃபேனை வாங்கிக்கொண்டு போனார். ஜெயித்த சந்தோஷத்தில் மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா, அன்னிக்கி அந்த சிஸ்டருங்க காலேஜப் பாத்துட்டு வரும்போது நான் எவ்ளோ குறை சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

லைப்ரரி, கேன்டீன், ஜன்னல் வெயில் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அந்த பெஞ்சில் ஆசையாக உட்கார்ந்து பார்த்ததால்தானே அவளுக்கு வெயில் தெரிந்தது?

"நீ ஒரு வாட்டி 'இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு'ன்னு சொல்லுவன்னு பாத்தேன். நீயும் சேந்து குறை சொன்னியா, சரி, ஒனக்குப் புடிக்கல போலன்னு வுட்டுட்டேன்."

"நானுந்தான் குறை சொன்னேன்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வியாபாரியின் மகள், அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கண் கலங்கியது. எனக்கும் அழுகை வந்தது. ஒயர் சுருளை எடுத்து வைப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதியம் ஆவதற்கு முன்பே ஷட்டரை இறக்கினேன். வீட்டுக்குப் போய், நேற்றைய மீன் குழம்பைச் சூடு பண்ணி, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"குழம்புல உப்பு கம்மிப்பா, புளி ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். சாயங்காலம் அவளுக்கு பஸ்.